தடைக்காலம் முடிவதற்குள்

பிப்ரவரி 9

கோடித்துறை வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை. ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை, மூடினால் பினாயில் வாடை. திறந்தே வைத்திருக்கிறேன்.

பேரிடருக்குப் பிறகு நிறுவனங்கள் எப்படி மீண்டெழுகின்றன என்பது என் ஆய்வு. போன கார்த்திகையில் இந்தக் கரையில் அடித்த புயலில் அடிபட்ட ஐந்து இடங்களை எடுத்திருக்கிறேன். ஒரு பள்ளி, ஒரு அரிசி ஆலை, ஒரு சின்ன மருத்துவமனை, படகு கட்டும் பட்டறை ஒன்று. நான்கிலும் பேசி முடித்தாயிற்று. மீன் விற்கும் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் ஐஸ் ஆலை மட்டும் பாக்கி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் என் நெறியாளர் டேனியல் ஞானராஜ் சார் கூப்பிட்டார். "சௌந்தரவல்லி, இதுதான் கடைசி நீட்டிப்பு. செப்டம்பருக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கலேன்னா பதிவு ரத்தாயிடும். தெரியும்ல?"

தெரியும். நடுவில் இரண்டு வருடம் ஆய்வு நின்று போனது. 'தனிப்பட்ட காரணம்' என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். அப்படியே எழுதிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 10

ஆலையின் இரும்பு கேட் ஒருக்களித்துச் சாய்ந்து நிற்கிறது. கடல் உள்ளே வந்து போய் இத்தனை நாளாகியும் சேற்றை யாரும் அள்ளவில்லை. காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. ஐஸ் உறைய வைக்கும் பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டியில் மணலும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், யாருடையதோ ஒற்றைச் செருப்பும் கிடந்தன. மெஷின் ரூமில் மோட்டார் துருப்பிடித்துப் போய், பார்க்கவே ஏதோ செத்த மாட்டைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

சங்கத் தலைவி குணவதி அக்காவை மார்க்கெட்டில் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கொண்டே பேசினார்.

"ஐஸ் கம்பெனியப் பத்தி என்ன வேணும்னாலும் என்னியக் கேளுங்க டீச்சர். அந்தக் கோடியில உக்காந்திருக்கா பாருங்க ஒருத்தி, அவகிட்ட மட்டும் கேக்காதீங்க."

அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தவள் செண்பகம், சங்கத்தின் செயலாளர். என் வயதுதான். நான் போய் நின்றதும் கூடையை மூடினாள்.

"தலைவிகிட்ட பேசிட்டீங்கல்ல? அப்பறம் எங்கிட்ட என்னா இருக்கு?"

பிப்ரவரி 13

ஒரு விஷயம் உதைக்கிறது. மீண்டெழ என்னென்ன வேண்டும் என்று என் இரண்டாம் அத்தியாயத்தில் வரிசை போட்டிருக்கிறேன். முன்கூட்டியே திட்டம், கையில் நிதி, துணிச்சலான தலைமை, ஊர் ஆதரவு. இந்தச் சங்கத்தில் எல்லாமே இருக்கிறது. புயல் வந்தால் என்ன செய்வது என்று பயிற்சிகூட எடுத்திருக்கிறார்கள். நிவாரணப் பணம் வங்கிக்கு வந்து கிடக்கிறது. ஆலை மட்டும் திறக்கவில்லை.

அந்தப் பள்ளியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. புயலடித்த மறுவாரமே கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 15

பணம் ஏன் கிடக்கிறது என்று ஆலையின் ஆபரேட்டர் கலியன் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார், சிரிப்பு வராத சிரிப்பு.

"எடுக்கணும்னா தலைவியும் செயலாளரும் ஒண்ணாப் போயி கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரும் ஒரே தெருவுல நடக்கமாட்டாங்க. அப்பறம் எங்கேருந்து?"

பிப்ரவரி 21

ஊரே இரண்டாகத்தான் பேசுகிறது. புயல் வரும் என்று முதல் நாளே தெரியும். மெஷின் ரூமில் பாரம் தூக்கும் செயின் பிளாக் இருக்கிறது. மோட்டாரை மேலே தூக்கித் தொங்கவிட்டிருந்தால் தப்பியிருக்கும். தூக்கவில்லை. சாவி வைத்திருந்த செண்பகம் தலைவிக்குப் போன்கூடப் பண்ணாமல், பாலத்துமேல் தண்ணீர் ஏறிவிட்டது என்று சாக்குச் சொல்லி அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்கிறது ஒரு பக்கம். தலைவி உத்தரவே கொடுக்கவில்லை என்கிறது இன்னொரு பக்கம். எழுபது பெண்களும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். யார் கேட்டைத் திறந்து மண்வெட்டியை எடுத்தாலும் அது மற்ற பக்கத்துக்குத் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமாம்.

அண்ணி கூப்பிட்டார். திருச்சி வீட்டை வாடகைக்கு விடலாமே, பூட்டியே கிடக்கிறதே என்றார். அப்புறம் பேசலாம் என்றேன்.

மார்ச் 3

செண்பகம் பேச ஒத்துக்கொண்டாள். நீங்கள் சொல்வது வெளியே போகாது, பெயர்கூட ஆய்வேட்டில் வராது என்று வழக்கம்போல உறுதி கொடுத்துத்தான் ஆரம்பித்தேன். முதலில் நிறையப் பேசினாள், எல்லாம் வெளியே சொல்வதுதான். பிறகு ரெக்கார்டரைக் காட்டி, "இத அமத்துங்க டீச்சர்" என்றாள். அமர்த்தினேன். அவள் சொன்னதை இங்கேயும் எழுதப்போவதில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டுதான் சொன்னாள் என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

கிளம்பும்போது, "உங்க வீட்டு சார் என்னா செய்யறாங்க டீச்சர்?" என்று கேட்டாள். ரயில்வேயில் என்றேன்.

மார்ச் 7

குணவதி அக்கா. இவரும் அமர்த்தச் சொன்னார்.

மார்ச் 8

மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இரண்டு பேர் இரண்டு தனி அறையில் இருந்து ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நான் நின்று இரண்டு சத்தத்தையும் கேட்கிறேன். வாயைத் திறக்க முடியாது.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லலாமா என்று டேனியல் சாரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன்.

"கொடுத்த வாக்கு வாக்குதான். நாளைக்கு உங்களை நம்பி எவன் பேசுவான்? நீங்க பார்க்கப் போனவங்க, தீர்த்துவைக்கப் போனவங்க இல்ல."

சரி சார் என்றேன். நான் பார்வையாளர் மட்டுமே.

மார்ச் 26

விசைப்படகுக்காரர்கள் சங்கத்து ரத்தினவேல் அண்ணன் டீக்கடையில் வைத்தே சொல்லிவிட்டார்.

"எங்களுக்கு இந்தப் பொம்பளைங்க மேல கோவம் கிடையாது டீச்சர். ஆனா கடலுக்குப் போனா ஏழெட்டு நாள் தங்கறோம். ஐஸ் இல்லேன்னா புடிச்சதெல்லாம் நாறிடும். தடைக்காலம் முடிஞ்சு ஜூன் பதினஞ்சு போட் எறங்குது. அன்னிக்கு இங்க ஐஸ் இருந்தா இங்க. இல்லேன்னா பக்கத்து ஊரு தனியார் ஐஸ் கம்பெனிக்கு வருசத்துக்கும் எழுதிக் குடுத்துருவோம்."

வருசத்துக்கும் எழுதிக்கொடுத்துவிட்டால் பிறகு சங்கம் இருந்து என்ன செய்யும்? அந்தத் தனியார் முதலாளி ஆலையைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறாராம். கொடுத்துவிடலாமா என்று முடிவெடுக்க அடுத்த மாதம் பொதுக்குழு.

ஏப்ரல் 2

ஜுரம். கலியன் மனைவி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 15

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு மாதம் நகராது.

ஆய்வில் குழு உரையாடல் என்று ஒரு முறை உண்டு. ஒரு நிறுவனத்து ஆட்களை ஒன்றாக உட்காரவைத்து, எல்லோருக்கும் ஒரே கேள்வியைப் போடுவது. மற்ற நான்கு இடங்களிலும் செய்திருக்கிறேன். இங்கேயும் செய்தாக வேண்டும். சாருக்குச் சொல்லியாயிற்று. அவரும் சரி என்றார். என்ன கேள்வி என்று அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 18

இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஆலை முற்றத்தில் பாய் போட்டேன். நிர்வாகக் குழுப் பெண்கள் ஏழு பேர், கலியன். குணவதி அக்கா கேட் பக்கம், செண்பகம் தொட்டிப் பக்கம். நடுவில் இடம் காலியாக இருந்தது, அங்கே டீ கேனை வைத்தேன்.

போன புயலைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. "இந்த வருஷமும் புயல் வருதுன்னு வைங்க. முதல் நாள் சாயங்காலமே சொல்லிட்டாங்க. யார் யார் என்ன வேலை எடுத்துக்குவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

 ஒருத்தி ஐஸ் கேன்களைக் கட்டிவைக்கிறேன் என்றாள். இன்னொருத்தி வங்கிக் காகிதங்களை எடுத்துப் போகிறேன் என்றாள். கலியன் குளிரூட்டும் அம்மோனியா வாயுவின் வால்வை மூடுவேன் என்றார். சுற்றி வந்து செண்பகத்தின் முறை.

"நீ சாவி வச்சிருக்க, மெஷின் ரூமுக்குப் போ" என்றாள் பக்கத்தில் இருந்தவள், சாதாரணமாகத்தான்.

"எங்கிட்ட சாவி வேணாம்" என்றாள் செண்பகம்.

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

"ஏன்டி, செயலாளர்கிட்டதான இருக்கணும்?"

செண்பகம் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.  "ஏன்னா நான் வரமாட்டேன். அன்னிக்கும் வந்தேன். பாலம் வரைக்கும் வந்தேன். தண்ணி பாலத்துமேல ஏறுச்சு, ரோடு அறுந்துபோச்சுன்னு நான் சொன்னதெல்லாம் பொய்யி. காத்து அடிச்ச அடியில பயந்து திரும்பிட்டேன். என் புள்ளைங்க மொகந்தான் தெரிஞ்சுது. போதுமா?"

எல்லோரும் குணவதி அக்காவைத்தான் பார்த்தார்கள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவர் இத்தனை மாதமும் காத்திருந்தார்.  அடுத்து வரவேண்டியது எனக்குத் தெரியும். வராமலும் போகலாம் என்பதும் தெரியும். அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டபோது, போகப்போகிறார் என்றே நினைத்தேன்.

போகவில்லை. டீ கேனைத் தள்ளிவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"நீ பாலத்துக்கு வர்றதுக்கு முன்னாடி எனக்குப் போன் போட்டியா இல்லியா?"

"போட்டேன்க்கா."

"எத்தன தடவ?"

"நீங்கதான் போனே வரலேன்னு..."

"வந்துச்சுடி. எடுத்துப் பேசினேன். மோட்டாரத் தூக்கிருவமான்னு கேட்ட. கடல் இங்க வரைக்கும் வந்த சரித்திரமே கெடையாது, பேசாமப் படுன்னு சொன்னது நான். காலையில வந்து பாத்தா நெஞ்சு மட்டும் தண்ணி. சனம் அத்தன பேரும் நிக்கிறாங்க. வாயில வந்தது, இவ எனக்குப் போனே பண்ணலேங்கிற பொய்யிதான். சொன்னத அப்பறம் எப்படித் திருப்பி முழுங்கறது?"

செண்பகம் அழவில்லை. அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "நானும்தான் உங்கள மாட்டிவிடல. ஏன்னு தெரியுமா? நீங்க போன் பேசினத சொன்னா, தெரிஞ்சிருந்தும் ஏன்டி நீயே கெளம்பி வந்து தூக்கலேன்னு கேப்பாங்கன்னு" என்றாள்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் சிரிப்பு. கலியன் எழுந்து போய்த் தொட்டிக்குள் இறங்கினார். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வெளியே வீசினார்.

ஏப்ரல் 19

இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வங்கிக்குப் போனார்கள். மார்க்கெட்டில் வியாபாரம் அரைமணி நேரம் நின்றே போனது. எல்லோரும் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏப்ரல் 24

பொதுக்குழு. குத்தகை வேண்டாம் என்று கைதூக்கியவர்களை எண்ண வேண்டியிருக்கவில்லை. தூக்காத கைதான் தேட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 27

லாட்ஜில் உட்கார்ந்து பழைய பதிவுகளை எல்லாம் முதலிலிருந்து கேட்டேன். காது வலிக்கிறது, ஆனால் எழுந்து குதிக்க வேண்டும் போல இருக்கிறது.

பள்ளித் தலைமையாசிரியர் பேசியதில் ஒரு வாக்கியத்தை அப்போது நான் கவனிக்கவே இல்லை. "மொதல் நாளே டீச்சர்ஸ் எல்லாரையும் கூப்பிட்டு, லேபைப் பூட்டாமப் போனது என் தப்புதான்னு சொல்லிட்டேங்க. அப்பறம் வேலையப் பாத்தோம்." மருத்துவமனையிலும் ஏறக்குறைய இதே பேச்சு, ஒரு நர்ஸ், ஜெனரேட்டர், டீசல் ஊற்ற மறந்தது. அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. இன்னும் மூடிக்கிடக்கும் அரிசி ஆலையில், யாரால் இப்படி ஆனது என்று முதலாளி இன்றைக்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பட்டறையில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று கட்டளை. பாதி ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

திட்டமும் பணமும் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் 'இதில் என் தப்பு இது' என்று பத்துப் பேர் நடுவில் ஒருவர் சொல்லிவிட்டு, மறுநாளும் அதே இடத்துக்கு வேலைக்கு வர முடிகிறதா? முடிகிற இடத்தில்தான் திட்டமும் பணமும் அசைகின்றன. ஐந்து இடத்துக்கும் பொருந்துகிறது. ஐந்துக்கும்!

இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு சாருக்குப் போட்டேன்.

ஏப்ரல் 28

சாருக்கு மகிழ்ச்சியும் கோபமும் ஒன்றாக வந்தன. "கண்டுபிடிப்பு அருமை. ஆனா அந்த ஐஸ் ஆலையை இனி நீங்க கணக்குல எடுக்க முடியாது. நீங்க கேட்ட கேள்வியாலதான் அது நகர்ந்திருக்கு."

"நான் கேட்டதையும் சேர்த்தே எழுதிடறேன் சார்."

"முறையியல் அத்தியாயத்துல அதுக்கு மட்டும் இருபது பக்கம் விளக்கம் எழுதணும். வெளித்தேர்வாளர் உங்களை வறுத்தெடுத்துடுவாங்க."

"வறுக்கட்டும் சார்."

மறுமுனையில் அவர் சிரித்த மாதிரி இருந்தது.

மே 6

சேறு அள்ளுகிறார்கள். ஒரு வரிசையில் ஆள் குறைந்தது, அதனால் கொஞ்ச நேரம் நின்றேன். பார்வையாளருக்கும் முதுகு வலிக்கிறது.

மே 14

மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போயிருக்கிறது. கம்ப்ரஸரைப் பிரித்துப் போட தூத்துக்குடியிலிருந்து அந்தோணி என்ற மெக்கானிக் வந்திருக்கிறார். தொட்டியில் பெயின்ட் சுரண்டினோம். சுரண்டினார்கள்.

மே 23

இன்று அவருக்கு மூன்றாம் வருஷத் திதி. ஊருக்குப் போகவில்லை. தொட்டியின் தெற்கு மூலையில் கசிவு, வெல்டிங் வைத்தார்கள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது குணவதி அக்கா எனக்கு மீன் குழம்பை ஊற்ற வந்தார். வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் திருப்பிக்கொண்டார். ஒருத்தியை அனுப்பிக் கடையில் சாம்பார் வாங்கிவரச் செய்தார். கை கழுவுமிடத்தில் மெதுவாக, "எத்தன வருசம்?" என்றார்.

"மூணு."

தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 8

கம்ப்ரஸர் ஓடியது! பெல்ட் சுற்ற ஆரம்பித்ததும் குலவை போட்டார்கள். குலவை முடிவதற்குள் மூக்கைக் குத்தும் நாற்றம். "அம்மோனியா! வெளிய ஓடுங்க!" என்று அந்தோணி கத்தினார். ஈரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கண் மட்டும் எரிகிறது. கம்ப்ரஸர் தண்டில் வாயு கசியாமல் அடைக்கும் சீல் போய்விட்டதாம். இந்த மாடலுக்கு சீல் சென்னையில்தான் கிடைக்கும். பார்சலில் வந்தால் நாளாகும்.

ரத்தினவேல் அண்ணன் கேட் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கையில் போன் வைத்துக்கொண்டிருந்தார். யாரோடு பேசினாரோ.

"யாராச்சும் நேர்ல போயி வாங்கிட்டு வந்தாத்தான் உண்டு" என்றார் அந்தோணி.

"நான் போறேன்" என்றாள் செண்பகம். சென்னைக்கு அவள் ஒருமுறைகூடப் போனதில்லை.

ஜூன் 10

செண்பகம் திரும்பிவிட்டாள். பேருந்தில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்த டப்பாவை அந்தோணியிடம் கொடுத்துவிட்டு, "அந்தக் கடைத்தெருவுல நாலு எடத்துல வழி மாறிட்டேன். ஆனா பேரம் பேசிட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

ஜூன் 11

ஓடுகிறது. இன்று நாற்றமில்லை. தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்பைக் கரைத்து, கேன்களில் நல்ல தண்ணீர் பிடித்து வரிசையாக இறக்கினோம். கலியன் தெர்மாமீட்டரை விட்டு நகரவே இல்லை.

ஜூன் 12

உப்புத்தண்ணீர் குளிர்கிறது. குழாய்களில் பனி பூத்திருக்கிறது. தொட்டுப் பார்த்த ஒவ்வொருத்தியும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நானும்.

ஜூன் 13

மூடியைத் திறக்கக் கூடாது என்று கலியன் உத்தரவு. திறந்தால் குளிர் போய்விடும். எழுபது பேர் மரப்பலகையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அதையே பார்க்கிறோம், உள்ளே குழந்தை தூங்குகிற மாதிரி.

ஜூன் 14

நாளைக்குப் படகுகள் இறங்க வேண்டும். உச்சிவேளைக்கு ரத்தினவேல் அண்ணன் படகுக்காரர்கள் முப்பது நாற்பது பேரோடு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

கலியன் முதல் கேனைச் சங்கிலியில் மாட்டித் தூக்கினார். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்கி, மேடைக்குக் கொண்டுவந்து சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. குணவதி அக்கா என் தோளைப் பிடித்தார், நகம் பதிந்தது. கலியன் கேனின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

சர்ரென்று ஒரு சத்தம். ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஓரமெல்லாம் கண்ணாடியும் நடுவில் வெள்ளையுமாக, ஐஸ் பார் மேடையில் வழுக்கிக்கொண்டு வந்து ரத்தினவேல் அண்ணன் காலடியில் நின்றது. புகைந்தது.

அவர் குனிந்து, குத்தூசியை வாங்கி ஓங்கிக் குத்தினார். ஊசி உள்ளே இறங்கவில்லை; எகிறியது. இன்னொரு குத்து. பிறகு ஊசியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கல்லு" என்றார். "கல்லு மாதிரி இருக்கு. டேய், வண்டியக் கொண்டாங்கடா!"

அப்போது எழுந்த சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. பெண்கள் ஐஸைத் தொட்டுத் தொட்டு ஒருத்தி முகத்தில் ஒருத்தி தேய்த்தார்கள். செண்பகம் ஒரு சில்லை உடைத்து குணவதி அக்கா ரவிக்கைக்குள் போட்டுவிட்டு ஓடினாள். ஐம்பத்தைந்து வயதுத் தலைவி அவளை ஆலையைச் சுற்றித் துரத்தியதை ஊரே பார்த்தது. என் கண்ணாடிமேல் யாரோ ஐஸ் தண்ணீரைத் தெளித்துவிட்டார்கள். அதனால்தான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஜூன் 15

விடியும்போது துறைமுகத்தில் நின்றேன். ஒவ்வொரு படகாக ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ரத்தினவேல் அண்ணன் படகிலிருந்து ஹாரன் அடித்தார், இந்தப் பக்கம் பார்த்து. மற்ற படகுகளும் அடித்தன. குணவதி அக்கா கையைத் தூக்கவே இல்லை. இடுப்பில் இரண்டு கையும் வைத்து, ராஜாத்தி மாதிரி நின்றார்.

செப்டம்பர் 22

ஆய்வேட்டை ஒப்படைத்தேன். முறையியல் விளக்கம் இருபத்தாறு பக்கம்.

திருச்சி வீட்டின் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். அண்ணியிடம், நான் இங்கேதான் இருக்கப்போகிறேன் என்றேன்.

நவம்பர் 28

கரையில் மறுபடி புயல். நேற்று மத்தியானத்திலிருந்து கோடித்துறைக்கு ஒரு போனும் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

நவம்பர் 30

செண்பகம் கூப்பிட்டாள். முதல் வார்த்தையே, "மோட்டார் மேல தொங்குது டீச்சர், ஒரு சொட்டுப் படல!" என்றாள். தண்ணீர் இந்தத் தடவையும் ஆலைக்குள் வந்ததாம், முழங்கால் அளவு. வடிந்ததும் கழுவிவிட்டு இன்று காலை ஓட்டிவிட்டார்கள்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"கலியண்ணன்கிட்ட. என் வேலை படகுக்காரங்களுக்குப் போன் பண்றது மட்டுந்தான், வீட்ல இருந்தே செய்யலாம். இருந்தாலும் வந்தேன் டீச்சர். பாலத்தத் தாண்டி வந்தேன்."

பின்னால் குணவதி அக்கா குரல்: "போன வச்சிட்டு வாடி, கேன் யாரு அடுக்குவா?"

பிப்ரவரி 17

இன்று பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம் என்று போனில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். காலையில் பல்கலைக்கழக வாசலில் வேன் வந்து நின்றது. பட்டுப்புடவையில் பதினெட்டுப் பெண்கள், கலியன் வேட்டியில். கருத்தரங்கக் கூடத்தில் பேராசிரியர்களுக்கென்று போட்ட முன்வரிசையில் நேராகப் போய் உட்கார்ந்தார்கள். டேனியல் சார் எழுந்து தன் நாற்காலியையும் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

பாஸ்கரன் இருந்திருந்தால் ரயில்வே ஆபீசுக்கு லீவ் போட்டுவிட்டு வந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே கைதட்டியிருப்பார். இதை எழுத முடிகிறது இன்று.

வெளித்தேர்வாளர் புதுச்சேரியிலிருந்து வந்த பேராசிரியர் நளினி வரதன். சார் பயமுறுத்தியது போலவே நேராக அங்கேதான் வந்தார்.

"நீங்கள் போகாமல் இருந்திருந்தால் அந்த ஆலை திறந்திருக்குமா?"

"தெரியாது மேடம். அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்று எழுதியிருக்கிறேன். ஆனால் நவம்பரில் நான் அங்கே இல்லை. என்ன செய்வது என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை. தண்ணீர் வடிந்ததும் ஆலை ஓடியது. தொடங்கியதில் எனக்குப் பங்கு உண்டு. நடப்பதில் இல்லை. மீண்டெழுந்தது என்று இன்று நான் சொல்வது இரண்டாவதைப் பார்த்துத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முன்வரிசையைப் பார்த்தார். "அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார்.

குணவதி அக்கா எழுந்தார். 

"கேள்வி டீச்சருக்கு இல்லீங்க, உங்களுக்கு. இவங்களுக்குப் பட்டம் உண்டா இல்லியா? வேன் டிரைவர் அவசரப்படுத்தறான்."

நளினி மேடம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. "உண்டு" என்றார்.

குலவை. கருத்தரங்கக் கூடத்தில், அந்த ஏசி அறையில், பதினெட்டுப் பெண்களின் குலவை. பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து பார்த்தார்கள்.

வெளியே சாப்பாட்டுப் பந்தியில், தேர்வு அறிவிப்பைப் பார்த்து வந்திருந்த கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளின் தேயிலைத் தொழிற்சாலை, மழையில் மண் சரிந்து பாதி போய்விட்டதாம். வந்து பேச முடியுமா என்று கேட்டார். நான் டைரியைப் பிரித்துத் தேதி பார்க்க ஆரம்பித்தேன்.

"இல்ல மேடம்," என்றார் அவர் சங்கடத்தோடு, "அந்த அம்மா வருவாங்களான்னுதான் கேட்டேன்." குணவதி அக்காவைக் காட்டினார்.

ஏப்ரல் 5

கோத்தகிரி. நல்ல குளிர். குணவதி அக்கா இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறார், இரண்டும் செண்பகத்துடையது. என்னையும் கூட்டி வந்திருக்கிறார்கள்.

தொழிற்சாலையின் உடைந்த கூரைக்குக் கீழே ஐம்பது அறுபது பேர் காத்திருந்தார்கள். பெஞ்சுகள் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போடப்பட்டிருந்தன. ஒரு பக்கத்து ஆட்கள் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை. மேடையில் எங்களுக்கு நாற்காலி, பூமாலை, தண்ணீர் பாட்டில்.

அக்கா மேடையில் ஏறவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போட்டார். செண்பகமும் தனக்கு ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டீ இருந்தா எல்லாருக்கும் குடுங்க. இது டீ கம்பெனிதான?" என்றார் அக்கா. நான்கைந்து பேர் சிரித்தார்கள், இரண்டு பக்கத்திலும். அவர் ஸ்வெட்டர் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சரி. இங்க யாரு யாருகூடப் பேசறதில்ல? அதச் சொல்லுங்க மொதல்ல."